பண்ணையின் தொழுவத்தைக் காயவைத்தவர்

எங்கள் தெருவின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் இன்று பட்டா இருக்கிறது. அதைத் தாங்கள்தான் தந்ததாகக் கட்சிக்காரர்கள் மேடையில் பேசினால், இந்தத் தெருவின் முதல் பட்டதாரி என்ற முறையில் எழுந்து மறுப்பேன். அது பால் சங்கத் தலைவர் இளையபெருமாள் பழிவாங்கிப் பெற்ற பட்டா.

மன்னார்குடிக்குத் தெற்கே எட்டு மைலில் எங்கள் ஊர். எழுபத்தொன்றில் கழக ஆட்சி குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்றது. இருபது வயது இளையபெருமாள்தான் முதலில் மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். பண்ணையார் துரைராசு, எங்கள் தெரு குடியிருப்பே இல்லை, தன் மாட்டுத் திடல் என்று சொல்லிக் கோர்ட்டில் தடை வாங்கினார். அதோடு விட்டாரா? இளையபெருமாளின் தாயார் அம்சம் வளர்த்த கிடேரி வயலில் இறங்கியதாகச் சொல்லிப் பட்டியில் அடைத்தார். சித்திரை வெயிலில் மூன்று நாள் தண்ணீர் காட்ட விடவில்லை. நான்காம் நாள் செத்துக் கிடந்த அதைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

இளையபெருமாள் தாயிடம் சொன்னது ஒன்றுதான். "அழுவாத. கோர்ட்டுல வாங்குன தடைய அந்தாளு கையாலயே எடுக்க வைக்கிறேன்."

பிறகு கால்நடை ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடக் கற்றுக்கொண்டார். சைக்கிளில் காளை விந்துக் குடுவையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எங்கள் தெருவின் வற்றல் மாடுகளுக்கு ஜெர்சிக் கலப்பில் கன்றுகள் பிறந்தன. அந்தப் பாலை வைத்துச் சங்கம் தொடங்கினார். எண்பதில் சுற்றுவட்டம் ஐந்து ஊருக்கும் அவர் ஒருவர்தான் ஊசிக்காரர்.

அதற்குள் துரைராசுவின் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் பாதி போயிருந்தது. மீதி வழக்கில் கிடந்தது. பெங்களூர்ப் பக்கமிருந்து நான்கு ஜெர்சிப் பசுக்கள் வாங்கிக் கட்டினார். வீடே அந்தப் பாலில்தான் ஓடியது. மாட்டை மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ரோட்டில் ஓட்டிப் போவது பண்ணைக்குக் கௌரவக் குறைச்சல் என்பதால், பசு பருவத்துக்கு வந்து கத்தினால் இளையபெருமாளுக்குத்தான் ஆள் வரும். "பண்ணை உடனே வரச் சொல்லுது" என்பான் ஆள்.

இளையபெருமாளும் உடனே போவார். அதில்தான் இருந்தது சூட்சுமம். காலையில் கத்திய மாட்டுக்குச் சாயந்திரம் ஊசி போட்டால்தான் சினை பிடிக்கும். கத்திய கையோடு போட்டால் பெரும்பாலும் நிற்காது, இருபத்தொரு நாள் கழித்து மறுபடி கத்தும். நான் கல்லூரியில் விலங்கியல் படித்துத் தெரிந்துகொண்ட இந்த விஷயம், எங்கள் தெருப் பெண்களுக்கு அப்போதே தெரியும். பண்ணைத் தொழுவத்தில் சாணி அள்ளிய ரெங்கம்மாளுக்கும் தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

மனைவி தங்கம்மாள் மட்டும் ஒருநாள் கேட்டார். "மாடு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"நம்ம கிடேரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு இளையபெருமாள் சைக்கிளை எடுத்தார்.

ஒரு வருஷம் இப்படியே போனது. மூன்று பசுக்கள் சினை பிடிக்காமல், மறு ஈற்று இல்லாமல் பால் வற்றி, அடிமாட்டு விலைக்குப் போயின. கடைசிப் பசுவும் வற்றிக்கொண்டு வந்தபோது, எண்பத்து மூன்று தை மாதத்தில் ஒரு விடியற்காலை, துரைராசு தாமே எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். அவர் செருப்புக் கால் அங்கே பட்டது அதுதான் முதல் தடவை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உட்காரும்படி ஒருவரும் சொல்லவில்லை.

"மாடு கத்துதுப்பா. கொஞ்சம் வந்துட்டுப் போ," என்றார்.

இளையபெருமாள் பல் துலக்கி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பேசினார். "சாயந்திரம் வர்றேன். அதுக்குள்ள வக்கீலக் கூட்டியாங்க. கேசு வாபஸ்னு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டுக்கும் மனைக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"நீங்கதானே இது மாட்டுத் திடல்னு எழுதிக் குடுத்தீங்க? கையெழுத்துப் போடலைன்னா இருபத்தொரு நாள் கழிச்சுப் பாப்போம். அதுவரைக்கும் மடியில பால் இருக்கான்னு பாருங்க."

தெருவில் யாரோ சிரித்தார்கள். துரைராசு திரும்பிப் பார்த்தார். ரெங்கம்மாள்தான். அவர் முறைத்தும் ரெங்கம்மாள் சிரிப்பை நிறுத்தவில்லை.

மத்தியானம் மன்னார்குடியிலிருந்து வக்கீல் கார் வந்தது. வாபஸ் மனுவை இளையபெருமாள் இரண்டு தடவை படித்தார். முப்பத்திரண்டு பேரும் பெயர் பெயராக இருக்கிறார்களா என்று பார்த்தார். ஒரு பெயர் விடுபட்டிருந்தது. எழுதச் சொல்லி, துரைராசுவிடம் மறுபடி கையெழுத்து வாங்கினார்.

வெயில் தாழ்ந்ததும் குடுவையோடு பண்ணையின் முன்வாசல் வழியாக நுழைந்தார். ஊசி போட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் சொன்னார்: "காலையில கத்துனா சாயந்திரம் போடணுங்க. உடனே வாடான்னு சொன்னது நீங்க. சொன்ன பேச்சுத் தட்டாம வந்தேன்."

பண்ணை ஆட்கள் எல்லாரும் எங்கள் தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். பசுவின் மூக்கணாங்கயிற்றைத் துரைராசுவேதான் பிடித்துக்கொண்டு நின்றார்.