தொப்புள்கொடியோடு திண்டிவனம் போய் வந்தோம்

அரையாண்டு விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் விழுப்புரத்தை அடுத்த காணையிலிருந்து திண்டிவனம் போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. சென்னையிலிருந்து ஓர் இதய மருத்துவர் ஞாயிறு காலையில் மட்டும் அங்கே வருகிறார். எங்களைப் போல அவரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்கள். கழனியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். மாற்று இதயம்தான் வழி என்று விழுப்புரத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பள்ளி நூலகத்தில் ஓர் அறிவியல் இதழைப் படித்தேன். ஸ்டெம் செல்லைச் செலுத்திப் பழுதான இதயத்தைச் சரிசெய்ய முயல்கிறார்களாம். தொப்புள்கொடியிலிருந்தும் அந்தச் செல்லை எடுக்கலாமாம்.

என் தொப்புள்கொடி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம், விழுந்த கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுவார்கள். நான் வளர்ந்ததும் அதை அவிழ்த்து அம்மா பத்திரப்படுத்தியிருந்தார். படித்ததைச் சொன்னவுடன், மறுபேச்சு பேசாமல் தாயத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்.

காலை ஆறு மணிக்கு டவுன் பஸ். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். அங்கிருந்து சென்னை பஸ்ஸில் ஏறலாம். ஆனால் சில வண்டிகள் திண்டிவனம் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நான் கேட்டேன். "படியில நின்னுக்கினு கேட்டா எப்டிம்மா? உள்ள போவும், ஜல்தி ஏறு. பெரியவரே, நீங்க முன்னாடி குந்துங்க" என்றார் கண்டக்டர்.

அப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயது. "பெரியவராம். அவன் தலையப் பாரு, பஞ்சாட்டம் இருக்குது" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள். ஒரு மணி நேரம், இருபத்திரண்டு ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, என் கொடி அவருக்குச் சேருமா என்று அப்பா கேட்டார். சேரும் என்றேன்.

"அப்ப நானும் உன்னாட்டம் எந்நேரமும் புக்க வச்சிக்கினு குந்தியிருப்பனா?" என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவர் வரும் கிளினிக்குக்கு நடந்தே போகலாம். அப்பாவால் முடியாது என்பதால் ஷேர் ஆட்டோவில் போனோம், ஆளுக்குப் பத்து ரூபாய்.

மருத்துவர் தாயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"காஞ்சுபோனதும் இதுல இருந்த செல்லெல்லாம் செத்துப்போயிருக்கும்மா. பொறந்தப்பவே உறைய வச்சிருந்தாலும், இன்னைக்கு உங்கப்பாவுக்கு என்னால போட முடியாது. இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

செலுத்திய செல்களில் பெரும்பாலானவை இதயத்தில் தங்குவதே இல்லை என்றார். மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யலாம், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அப்படி வைத்த இதயமும் நாளாவட்டத்தில் பழுதாகலாம். அதைச் சரிசெய்யவும் இதே செல்களை வைத்துத்தான் ஆராய்கிறார்கள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"இவ காலேஜ் முடிக்கிற வரைக்கும் தாங்குமாங்க?"

மாத்திரையை விடாமல் போடச் சொன்னார் மருத்துவர்.

மதியம் திரும்பும் பஸ்ஸில் இடம் தாராளமாகக் கிடைத்தது. விழுப்புரம் வரும்வரை அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

போகிறவர்கள் பழைய இசிஜி, எக்கோ எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எட்டு மணிக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். ஸ்டெம் செல் போடுகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார். புதிய சிகிச்சை எதையாவது படித்திருந்தால், அது இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் தனியாக விசாரியுங்கள். நோயாளியிடம் அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அந்தச் சிகிச்சை ஒருநாள் வரும் என்று இப்போதும் நம்புகிறேன். எங்கள் வீட்டுக்கு அது நேரத்துக்கு வராது.

மறுநாள் காலை கரும்பு நட ஆட்கள் வந்தார்கள். அப்பா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டார்.

"கரும்புன்னா வெட்ட ஒரு வருஷம் ஆவும். மல்லாட்டையே போட்டுடலாம், நாலு மாசத்துல வந்துடும்."