துரை வீட்டுக் காருக்கு நான் வைத்த பொட்டு

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திருப்பரங்குன்றம் சாலையில் ஓர் ஓலைக் கொட்டகையில் பழைய லேத்து ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். கொட்டகை மழையில் சரிந்தது. கூட்டாளியாக வந்தவன் பாதியில் கழன்றுகொண்டான். பேங்க் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். இன்று இந்தப் பக்கத்து நூற்பாலைகளில் என் பட்டறைப் பல்சக்கரம் சுற்றாத ஆலை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! திருநகரில் மாடி வீடு, கீழக்குயில்குடிப் பக்கம் தென்னந்தோப்பு, எல்லாம் நானாக உண்டாக்கியது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், ஏழு வயதில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் பேசுவதில்லை.

நான் பிறந்தது மில் லைன் வீட்டில். கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் ஆலை அது. மதுரையின் அந்தப் பக்கத்தையே அவர்கள்தான் உண்டாக்கினார்கள். வரிசை வரிசையாக வீடுகள், ஆஸ்பத்திரி, சர்ச், ஆலைக்குள்ளே போகும் தனித் தண்டவாளம். ஆலைச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பே எரியும்.

அப்பா ஆலையின் பெரிய இஞ்சினை ஓட்டுபவர். அதன் சக்கரம் எங்கள் வீட்டைவிட உயரம். ஆயுத பூஜை அன்று மட்டும்தான் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பெரிய துரை தன் கையாலேயே பூசணிக்காய் உடைப்பார். நாங்கள் பொரியும் கடலையும் அள்ளிக்கொண்டு வருவோம்.

பெரிய துரை இறந்தபின் சீமையில் படித்துவிட்டு வந்த அவர் மகன் பொறுப்பேற்றார். சந்தனமும் பூவும் எண்ணெய்த் துளையை அடைக்கின்றன, இனி ஆலைக்குள் பூஜை கிடையாது, அன்றைக்கும் இஞ்சின் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஓட்டாதவன் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பொட்டு வைக்காத இஞ்சின்ல நான் கை வைக்க மாட்டேன்" என்றார் அப்பா, பூஜைக்கு முந்தின ராத்திரி.

"காலி பண்ணச் சொன்னா இம்புட்டுச் சாமானையும் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது?" என்றாள் அம்மா.

துரை வீட்டுக் கார் டிரைவராக இருந்த என் தாய்மாமன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்க மச்சான். நாளைக்கு விடியட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "மாப்ள, காலையில குளிச்சிட்டு நெத்தி நெறைய விபூதி பூசிட்டு வா. உனக்கு ஒரு வேலை இருக்கு" என்றார்.

மறுநாள் பங்களா வாசலில் கார் கிளம்பவில்லை. மாமா முன்பக்கத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். துரையே இறங்கிச் சுற்றினார். அவர் முகம் தக்காளியாகச் சிவந்ததுதான் மிச்சம். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் அவருடைய அம்மா, கிழத் துரைசாணி, உட்கார்ந்திருந்தார். இங்கேயே பிறந்தவர். நாலு பேர் காதில் விழ வேண்டியதைத் தமிழில்தான் பேசுவார்.

"இன்னிக்கு அதுக்குப் பூசை நாளு. பொட்டு வைக்காம எப்பிடிக் கிளம்பும்? உங்கப்பா இருந்தா இந்நேரம் பூசணிக்காயே ஒடச்சிருப்பாரு" என்றார் மகனிடம்.

மாமா பூத்தட்டை அவரிடம் நீட்டினார். அவர் மூடியிருந்த கையைத் திறந்து எதையோ பூவுக்கடியில் வைத்தார். பழுப்பாக, சின்னதாக, கருப்பட்டித் துண்டு மாதிரி இருந்தது.

"துரைசாணியம்மா, எனக்கும் ஒரு துண்டு கருப்பட்டி!" என்று நான் கத்திவிட்டேன்.

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். துரைசாணி சட்டென்று ஒரு பிஸ்கட்டை எடுத்து என் வாயில் திணித்தார். "இதத் தின்னுட்டு வேலையப் பாருடா, வாயாடிப் பயலே" என்றார்.

நான் பார்த்தேன் வேலையை. முன்விளக்குகளுக்குச் சந்தனம் அப்பினேன், குங்குமம் வைத்தேன், சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். மாமா காரின் இஞ்சின் மூடியைத் தூக்கி, "உள்ளேயும் ரெண்டு பூ போடணும்ல" என்று குனிந்து எதையோ செய்தார். பிறகு கைப்பிடியை ஒரே சுற்று. கார் உறுமியது!

துரை தன் அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். என் சந்தனத்துக்குத்தான் கும்பிடு போடுகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் போனது. துரை என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆலையில் இறங்கியதும், அன்றைக்கு வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்தச் சொன்னார். அப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அந்த மலைபோன்ற சக்கரத்துக்குப் பொட்டு வைத்தார். லைன் முழுக்கக் குலவைச் சத்தம். அம்மா ராத்திரியே கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்தாள்.

பின்னாளில் மெக்கானிக்கிடம் எடுபிடியாக இருந்தபோது ஒரு பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே அந்தக் கருப்பட்டித் துண்டு! இஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார் என்றார்கள். அது இல்லாவிட்டால் எந்த ராஜா வண்டியும் நகராது. போட்ட உத்தரவைத் தானே எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்ற மகனுக்கு, தலை குனியாமல் இறங்கி வர, மாமாவை விட்டு அதைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு அந்தத் தாய் ஒரு படி போட்டுக் கொடுத்திருக்கிறார். அது துரைக்கும் அப்போதே புரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் புரியவில்லை.

இப்போது ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வாசலில் ஆலையின் கதையைக் கல்வெட்டில் வெட்டப் போகிறார்களாம். ஆயுத பூஜையைக் காப்பாற்றித் தந்தவர் சின்ன துரை என்று அதில் வருமாம். வரட்டும். துரைசாணி பேரும் என் மாமன் பேரும் அதற்கு மேலே வர வேண்டும். கூடவே ஒரு வரி: பொட்டு வைத்தது நான். ரோட்டார் இல்லாமல் கார் ஓடாதுதான். சந்தனம் இல்லாமல் அன்றைக்குத் துரை ஏறியிருப்பாரா? கல் வெட்டுகிற கூலியை வேண்டுமானால் நானே தருகிறேன். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.