பூஜை வைக்காத வீட்டில் ஒரு பிரதி

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பதில் தப்பொன்றும் இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் வைக்கிறோம். திரைக்கு மேலே ஒரு பொட்டு, விசைப்பலகைமேல் ஒரு செம்பருத்தி. அதோடு நிறுத்திக்கொண்டால் சாமிக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. அம்மா அதோடு நிறுத்துகிற ஆள் இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் தென்னை மண்டரியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். குரும்பையின் தொப்பிக்கடியில் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி. கேரளம் முழுக்கத் தேங்காயெல்லாம் சொறி பிடித்தாற்போலாகிச் சுருங்கி விழுந்துகொண்டிருந்த காலம். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அப்பா, "டாக்டர் பட்டம் வாங்குததுக்கு ஒனக்கு வேற நல்ல ஜீவன் ஒண்ணும் கெடைக்கலியா?" என்று கேட்பார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. தெருவில் மலையாளம், வீட்டுக்குள் நாஞ்சில் தமிழ்.

படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு வைத்திருந்தேன். யார் எழுதியது, எந்த இதழ், எந்த ஆண்டு, கீழே என் குறிப்பு. எல்லாம் ஒரே கோப்பு. ஆய்வேட்டில் மேற்கோள் வரவேண்டிய இடத்தில் அந்தப் பதிவின் எண்ணை மட்டும் போட்டுவிட்டால், கடைசியில் அந்த மென்பொருளே முழு விவரத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடும். ஆக என் அத்தியாயங்கள் முழுக்க அடைப்புக்குறிகளும் எண்களும். அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்ல அந்தக் கோப்பு ஒன்றுதான் உண்டு. சென்னை நூலகங்களில் தூசி தின்று கையால் எழுதிவந்த பழைய கட்டுரைகள்கூட அதற்குள்தான் இருந்தன.

பிரதி எடுத்து வைக்காத முட்டாள் அல்ல நான். ஒரு பிரதி வீட்டுக் கம்ப்யூட்டரில். இன்னொன்று ஆய்வக மேசை இழுப்பறையில், ஃப்ளாப்பிகளில். ஆய்வகக் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொது, வேலை முடிந்ததும் அதிலிருந்து அழித்துவிடுவேன். கோப்பு பெரிதாகிவிட்டதால் சுருக்கி, சில ஃப்ளாப்பிகளில் தொடர்ச்சியாகப் பதித்திருப்பேன். ஒன்று கெட்டாலும் மற்றவற்றால் பயனில்லை. மூன்றாவது பிரதி ஒரு சிடியாகத் தம்பானூரில் சித்தி வீட்டு அலமாரியில். தீப்பிடித்தால் ஓர் இடத்தில்தான் பிடிக்கும், திருடன் வந்தால் ஓர் இடத்துக்குத்தான் வருவான் என்பது என் எண்ணம். சரஸ்வதியை நான் யோசிக்கவில்லை.

இங்கே நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைச் சரஸ்வதி முன்னால் பூஜை வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கிறவரை படிக்கவோ எழுதவோ கூடாது. படிக்க உதவுகிற ஒரு சாமானும் விட்டுப்போகவும் கூடாது. ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய வருடம் என்பதால் அம்மா அந்த முறை தீவிரமாக இருந்தாள். சித்திக்குப் போன் போட்டு சிடியை வரவழைத்தாள். ஆய்வகத்துக்கு விடுமுறை என்பதால், புதுப்பித்துக்கொள்ளலாமென்று ஃப்ளாப்பிகளை நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவற்றையும் கைப்பையிலிருந்து எடுத்துவிட்டாள். வருடம் முழுக்க மூன்று இடத்தில் இருந்தவை ஒரே அறையில் வந்து சேர்ந்தன, கம்ப்யூட்டரும் அதன் முன்னால் மணைப்பலகையில் மற்ற இரண்டும்.

நான் அப்போது கம்ப்யூட்டரில் கடைசிப் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். திரையில் மணல்கடிகாரம் நின்றது. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ஏட்டி, வெளக்கு வைக்க நேரமாச்சு. எந்திரி."

"ரெண்டு நிமிசம்மா."

"சரஸ்வதிட்ட போயி ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லு" என்றாள். சொல்லிக்கொண்டே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். அதற்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு ஏற்றிய பிறகு தொடக்கூடாது. தொட்டுவிட எனக்கும் தைரியமில்லை. இத்தனை படித்தும் அந்தப் பயம் போகவில்லை. நவமி முழுக்க அந்த அறை வாசலில் குட்டி போட்ட பூனையாக நடந்தேன்.

விஜயதசமி காலையில் பூஜையை எடுத்து, இங்கத்திய வழக்கப்படி எல்லாரும் விரலால் அரிசியில் ஹரி ஸ்ரீ எழுதினோம். விரலில் ஒட்டிய அரிசி உதிர்வதற்குள் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். கோப்பைத் திறந்தேன். கோப்பு சேதமடைந்திருப்பதாக ஒரு சின்னப் பெட்டி வந்தது. சரி என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்துவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

திரும்பத் திரும்பத் திறந்தேன். திரும்பத் திரும்ப அதே பெட்டி. பதறாதே, இதற்குத்தானே பிரதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மணைப்பலகையிலிருந்து ஃப்ளாப்பிகளை எடுத்தேன். முதலாவதைச் செருகியதும் டிரைவ் கறகறவென்று அரைத்தது. வெளியே இழுத்து, அந்தத் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே, கறுப்புப் படலத்தின் மேல், காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

எல்லாவற்றிலும் அப்படித்தான்.

"அம்மா, இத ஏன் தொறந்தே?"

"எழுத்து உள்ளதான மக்களே இருக்கு? வெளிய பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வச்சு என்ன புண்ணியம்?" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் என்னை மேலும் பைத்தியமாக்கியது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஏதோ கெட்டுப்போனது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மணைப்பலகையில் மிச்சமிருந்தது சிடி. பளபளக்கிற பக்கம்தான் முகமென்று நினைத்து அதிலும் சந்தனம் அப்பியிருந்தாள். தண்ணீரில் காட்டி மெல்லத் துடைத்திருந்தால் போதும், பிழைத்திருக்கும். உதவி செய்கிற அவசரத்தில் அவள் அதை அடுக்களைக்கு எடுத்துப்போனதை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து ஈரத்தோடு நீட்டினாள்.

"இந்தா, சுத்தமா கழுவிட்டேன்."

தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்திருந்தாள். வட்டம் வட்டமாகக் கீறல். கம்ப்யூட்டர் அதை உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்து, வெளியே தள்ளியது.

அன்றைக்கு நான் அம்மாவைப் பேசிய பேச்சை எழுத மாட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நான் நல்லதுக்குத்தான மக்களே செஞ்சேன்" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அழக்கூட வரவில்லை.

மென்பொருளில் மீட்புக்கென்று ஒரு கட்டளை உண்டு. சேதமான கோப்பைத் தனியாக நகலெடுத்து, அந்த நகலின்மேல் அதை ஓட்டினேன். பாதிக்கும் குறைவான பதிவுகள் வந்தன. அவற்றிலும் ஒருவர் தலைப்பு இன்னொருவர் பெயருக்குக் கீழே கிடந்தது. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆய்வேட்டின் எந்த எண்ணுக்கும் அதில் சரியான ஆள் இல்லை.

விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குப் போய் என் ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். கண்டிப்பான மனிதர், மலையாளி. எங்கள் பேச்செல்லாம் மலையாளத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காலக்கெடுவை ஒருமுறை நீட்டியாச்சு. இனி நீட்ட மாட்டாங்க. மேற்கோள் இல்லாம ஏட்டை வாங்கவும் மாட்டாங்க" என்றார்.

ஐந்து வருட உழைப்பு முடிந்தது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அந்த அறையில் இன்னொருவனும் இருந்தான். அதே வழிகாட்டியிடம் மண்டரியைத் தின்னும் பூச்சிகளை ஆராய்கிறவன், எனக்கு இளையவன், கிறிஸ்தவ வீட்டுப் பையன். என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவான், என்னிடமே கற்ற அரைகுறைத் தமிழில் பேசுவான். எனக்கு அவனைப் பிடிக்காது. அந்த வருடக் கருத்தரங்கில் அவன் படித்த கட்டுரையின் வாசிப்பு விரிவை எல்லாரும் மெச்சினார்கள். நூலகத்தில் நான் அவனைக் கண்டதே இல்லை. நான் சென்னையில் கையால் எழுதிவந்த ஒரு பழைய கட்டுரையை அவனும் மேற்கோள் காட்டியிருந்தான். வயிறு எரிந்தது. ஆனால் ஆதாரம் இல்லை.

"என்ட கையில உண்டு, சார்" என்றான் அவன்.

வழிகாட்டி திரும்பினார். "என்ன உண்டு?"

"சேச்சியோட லைப்ரரி, அந்த மேற்கோள் கோப்பு. முழுசா. மழைக்காலம் தொடங்கறப்போ எடுத்தது. ஆய்வகக் கம்ப்யூட்டர்ல திறந்து வச்சிட்டு சேச்சி சாப்பிடப் போனப்போ." என் பக்கம் திரும்பினான். "சேச்சிக்குத் தெரியாம எடுத்தேன்."

திருட்டுக்கொடுத்தவள் நான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபமே இல்லை. என் கோப்பு உயிரோடு இருக்கிறது என்ற ஒன்றுதான் மண்டையில் ஏறியது. கோபம் பிறகு வந்தது, நிதானமாக, பல வருடங்களுக்குப் போதுமான அளவு.

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் கோப்பே இல்லாதபோது அவன் எடுத்தான் என்று எதை வைத்து நிரூபிப்பேன்? அது அவனுக்கும் தெரியும். வழிகாட்டி விடமாட்டார் என்பதும் தெரியும். விடவுமில்லை. அவனுடைய முதல் அத்தியாயத்தை அங்கேயே வாங்கி, நடுவில் கிழித்து, "உன் கண்ணால படிச்சு எழுதிக் கொண்டு வா" என்று கையில் கொடுத்தார். அவனுக்கு ஒரு வருடம் போயிற்று.

மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், செய்தித்தாளில் பொதிந்து ஒரு சிடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

திறந்தது. கோப்பை அப்படியே எடுத்திருந்ததால் என் எண்களும் அப்படியே இருந்தன. ஆய்வேட்டின் அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. மழைக்காலம் தொடங்கிய பிறகு சேர்த்தவற்றை மட்டும் மறுபடி தேடிப் பதிந்தால் போதும்.

பிறகு அந்தச் சென்னைக் கட்டுரையின் பதிவு ஞாபகம் வந்தது. குறிப்புகளில் நான் மனதில் பட்டதையெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைப்பது வழக்கம். யார் படிக்கப் போகிறார்கள்? பதிவைத் திறந்தேன். நான் எழுதியது இருந்தது: "இது அவன் கண்ணில் படக் கூடாது."

அதற்குக் கீழே இன்னொரு வரி. அதுவும் ஆங்கில எழுத்தில், மலையாளத்தில், ஒரே சொல்: "கண்டு."

பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் அவனைப் பற்றி என்ன நினைத்தேன் என்பதை மாதக்கணக்காகத் தெரிந்துவைத்துக்கொண்டு, தினமும் சேச்சி என்று கூப்பிட்டிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் எழுந்து நின்று "என்ட கையில உண்டு" என்றும் சொன்னான். திருடியதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுந்து நின்றதை மறக்கவும் முடியவில்லை.

கெடுவுக்குள் ஏட்டைக் கொடுத்தேன். பட்டமும் வந்தது. கோப்பை விடவில்லை, வேலையில் சேர்ந்த பிறகும் அது வளர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த வருடம் அஷ்டமியன்று காலையில் அம்மா மணைப்பலகையைக் கழுவி வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அந்தக் கிறிஸ்தவப் பையன் வீட்டுல பூஜை வைக்கது உண்டுமா?"

"இல்லம்மா."

"அப்பம் ஒரு சிடியை அங்க கொண்டு குடுத்துட்டு வா. நீ வந்த பொறவு வெளக்கு ஏத்துகேன்."

ஒரு வருடமாக அவளும் அந்த விஜயதசமியையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. சிடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் வீட்டு வாசலில் நின்று நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கினான்.

"சேச்சி, திறந்து பார்க்கலாமா?"

இதற்கு முன் அவன் அதைக் கேட்டதில்லை. "பாரு" என்றேன். அந்தப் பதிவின் இரண்டு வரிகளையும் நான் அழிக்காமல்தான் வைத்திருந்தேன்.