பொட்டு வைத்த ஓராண்டுக் கட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், ஒதுங்கிக்கொள்வார்கள். ஆபீசில் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த எட்டாவது மாதம், நானே அதை மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துத் தெரியப்படுத்தினேன்.

பவானியில் என் அண்ணனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவர் பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டிய சீர். அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. மூன்று நாள் லீவு கேட்டேன். எங்கள் சூப்பிரண்டு, இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று சொல்லி முகூர்த்தத்தன்று மட்டும் ஒரு நாள் கொடுத்தார். அவரும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோபிக்காரர்தான். முதல் நாளே போகாவிட்டால் இணைச்சீர் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? என் இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அவள்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வந்ததும் எங்கள் அதிகாரிக்கு ஒரு புகார் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நேராக அவர் மேசையில் வைத்தேன். சூப்பிரண்டு ஈவு இரக்கமில்லாதவர் என்று ஆரம்பித்தேன். எருமைகூட ஹாரன் அடித்தால் வழிவிடும், இவர் விடமாட்டார் என்று எழுதினேன். ‘இந்த எட்டு மாதத்தில் இவர் ஒருமுறைகூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயில் பல் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக உள்ளது’ என்று முடித்தேன். எழுதும்போது என்ன ஆனந்தம் தெரியுமா!

விசாரணை இல்லை, பதில் இல்லை. மேல் ஓரத்தில் ‘எல்.டிஸ்.’ என்று எழுதி, அதிகாரியின் சுருக்கொப்பத்தோடு என் புகார் பதிவறையில் ஒரு கட்டுக்குள் போனது. கே.டிஸ். என்றால் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டிய காகிதம். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுக் கொளுத்திவிடலாம். என் வயிற்றெரிச்சலுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அடுத்த மாதமே பதிவறைப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஆக, என் புகாருக்கு நானே காவல். உருவி எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் பதிவேட்டில் எண் உண்டு. ஒன்று குறைந்தாலும் ஆபீசே தேடும். அதோடு எனக்குக் கோபம் வரும், திருட்டு வராது.

முதலில் அது அங்கே இருப்பது பெருமையாகவே இருந்தது. பிறகு வந்தது வினை. அம்மா மயங்கி விழுந்துவிட்டதாகப் பவானியிலிருந்து போன் வந்தது. போனை எடுத்தவர் சூப்பிரண்டு. “ஏனுங்க அம்மணி, பையத் தூக்குங்க, கெளம்புங்க” என்றார். லீவு லெட்டரை அவரே எழுதிக்கொண்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் வந்து, ஈரோடு பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்தார். அம்மா பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அதன்பிறகு தூக்கம் போனது. இந்த மனிதர் அந்த மூன்று பக்கத்தைப் படித்தால் எப்படி நொந்துபோவார்! எருமை என்றல்லவா எழுதி வைத்திருக்கிறேன்! பதிவறைக்குள் அவர் வரும்போதெல்லாம் அந்தக் கட்டுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒரு வருடம் முடிந்ததும் வேகவேகமாக அழிப்புப் பட்டியல் தயாரித்தேன். என் புகாரை ‘பணியாளர் மனு, விடுப்பு தொடர்பாக’ என்று பூசி மெழுகி நடுவில் செருகினேன். சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் போட்டார். கட்டுகள் வராந்தாவுக்கு வந்தன. ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்ததும் கட்டோடு கட்டாகக் கொளுத்திவிடுவது என்று ஏற்பாடு.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப் போனது. பூஜையன்று சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். டைப்ரைட்டருக்குப் பொட்டு, பீரோவுக்குப் பொட்டு, சிறுவாணித் தண்ணீர்ப் பானைக்கும் பொட்டு. போகிற போக்கில் வராந்தாவில் இருந்த கட்டுகளுக்கும், ஒன்று விடாமல், மேல் அட்டையில் மூன்று விரலால் பட்டை போட்டுப் பொட்டு வைத்துவிட்டேன். சூப்பிரண்டு எல்லாவற்றுக்கும் சூடம் காட்டினார். பொரிகடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆபீஸ் திறந்த அன்று அட்டெண்டர் அக்கா தீப்பெட்டியோடு வராந்தாவுக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

“பொட்டு வெச்சுக் கும்புட்டுப்போட்டு அதையே கொளுத்தச் சொல்றீங்களா? நான் புள்ளகுட்டிக்காரி. என்ற கையால ஆகாதுங்க.”

“அக்கா, அது வெறும் பழைய காயிதமுங்க.”

“அப்பப் பொட்டு எதுக்கு வெச்சீங்க?”

சூப்பிரண்டு வந்து பார்த்தார், தாடையைத் தடவினார். “பொட்டு அட்டை மேலதானுங்க இருக்குது? கட்டப் பிரிச்சு அட்டைய எடுத்து வெச்சுக்கலாம். உள்ள இருக்கற காயிதத்துக்கு யாருங்க சூடம் காட்டுனது?” என்றார். அக்காவுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. கட்டைப் பிரித்தால் என் புகார் அல்லவா வெளியே வரும்! “பிரிச்சதுதான் பிரிக்கறோம், பட்டியலோட ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துப் போட்டுரலாமுங்க” என்று வேறு சொன்னார்.

ஆபீசுக்குப் பின்னால் குழியில் நெருப்பு. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கொடுக்க, நான் வாங்கி வாங்கிப் போட்டேன். என் எண் நெருங்கிக்கொண்டிருந்தது. “சார், புகை உங்களுக்கு ஆகாதுங்க, உள்ள போங்க, நான் பாத்துக்கறனுங்க” என்றேன். அவர் அசையவில்லை.

என் மூன்று பக்கம் அவர் கைக்கு வந்தது. அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மடிப்புக் கலையாமல் என்னிடம் நீட்டினார்.

“இதை நான் போன வருசமே படிச்சுப்போட்டனுங்க அம்மணி.”

நான் காகிதத்தைக் குழியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன பண்ணலாம்னு அதிகாரி ஐயா என்னையத்தானுங்க கேட்டாரு. பதிவறை அடுத்து உங்களுக்குத்தான் வரப்போகுது, கே.டிஸ். போட்டா மூணு வருசம் இந்தக் கட்டுக்குக் காவல் நிப்பீங்க, பாவம். ஒரு வருசம் போதுமுங்கன்னேன்.” குச்சியால் நெருப்பைக் கிளறிவிட்டார். “இணைச்சீருக்கு உங்கள உட்டிருக்கோணுமுங்க. இன்ஸ்பெக்‌ஷன் எங்கீங்க ஓடிப்போகுது? தப்பு என்னோடதுங்க.”

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, புகை இருந்தது. “எருமைன்னு எழுதுனதுக்கு மன்னிச்சுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு மூன்று பக்கத்தையும் குழியில் போட்டேன்.

“அதை உடுங்க. கடைசில ஒரு சந்தேகம் கேட்டிருந்தீங்களே?” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். “எல்லாம் இருக்குதுங்களா, பாத்துக்குங்க.”

பார்த்தேன். மேல் வரிசையில் கடைவாய்ப் பக்கம் ஒன்று இல்லை.

“எல்லாம் இருக்குதுங்க சார்” என்றேன்.