நெடுநெடுவென வளர்ந்த வருடம்

பதின்மூன்று வயதில் நான் பயந்தது பேய்க்கும் இல்லை, பரீட்சைக்கும் இல்லை, வளர்வதற்கு. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் யார் பார்த்தாலும் "என்னடி, இப்படி நெடுநெடுன்னு வளர்ந்துட்டே!" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்பார்கள். நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். பெண் வளர்ந்தால் சந்தோஷப்படுகிற ஊரில், நான் மட்டும் ராத்திரி படுக்கும்போது இன்றைக்கு வளராமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் என் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரிந்தது. எண்பதுகளின் கடைசி. தாம்பரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஸ்கோலியோசிஸ் என்று சொல்லி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மேடம் குண்டூசி விழுந்தால்கூட அதட்டுகிற ரகம். என்னைக் குனியச் சொன்னார். குனிந்ததும் வலது பக்க விலா மேடாகக் கிளம்பியது. அம்மாவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நிமிர்ந்து நின்னா இது ஒளிஞ்சுக்கும். குனிஞ்சாத்தான் காட்டிக்கொடுக்கும்" என்றார் மேடம். "இவ வளர்ற வரைக்கும் இது சும்மா இருக்காது. தவறாம கூட்டிக்கிட்டு வாங்க. வளைவு ஏறுதான்னு பார்க்கணும். ஏறுச்சுன்னா, மேல வளையாம பிடிச்சு வைக்க முதுகுக்கு பெல்ட் போட்டுடலாம். வளர்ச்சி நின்ன பிறகு வந்து பெல்ட் கேட்டா நான் என்ன பண்றது?"

பயிற்சி பார்க்க ஒன்றும் பெரிதில்லை. மேடான பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, விலாவுக்கு அடியில் சுருட்டிய துண்டு. மேல் கையைத் தலைக்கு மேலே நீட்டி, இடது பக்கம் பள்ளமாகிவிட்ட விலாவுக்குள் மூச்சை அனுப்ப வேண்டும். மூச்சு போகாது. மேடம் அங்கே இரண்டு விரலை வைத்து, "இங்க வரணும், என் விரலைத் தள்ளு" என்பார். தள்ளிவிட்டால் எனக்கு ஏதோ திருடனைப் பிடித்தமாதிரி இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது முதுகு வலி குறைந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன்.

இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு ராஜகீழ்ப்பாக்கம். அவர்களும் வைத்தியத்துக்குப் போவது அதே தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு.

"வரிசையில யாராவது பார்த்துட்டா? தங்கச்சிக்கு முதுகு கோணல், இது குடும்பத்துல இருக்குன்னு ஆயிடும்" என்றாள் அம்மா. "அக்கா விஷயம் முடியட்டும். அதுவரைக்கும் வீட்டுலயே பண்ணிக்கோ." அப்பா பேப்பரை மடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார். அது சம்மதம் என்று அர்த்தம்.

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜாதகம் பார்ப்பதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடியில் பெண் பார்க்க வர மாட்டார்கள். ஆவணியில் அவர்கள் வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், வருஷம் திரும்பட்டும் என்றார்கள். நல்ல இடம், காத்திருக்கலாம் என்றாள் அம்மா. என் முதுகிடம் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை.

ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பயிற்சி செய்தேன். தள்ளுவதற்கு விரல் இல்லை. பார்த்துத் திருத்த ஆள் இல்லாவிட்டால் உடம்பு தனக்குச் சுலபமான வழியைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஏற்கனவே மேடாக இருந்த பக்கத்துக்கே போனது. யூனிபார்ம் பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிட்டாள். அடுத்த டெர்முக்குள் அதுவும் போதவில்லை. ரவிக்கை ஒரு தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. மாடி ஏறினால் மூச்சு இளைத்தது. அம்மாவிடம் சொன்னால், "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பாள். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள்.

வருஷம் திரும்பி அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். எனக்குத் தாவணி. மூலையில், சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. காபி கொண்டுபோகிற வேலைகூட எனக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அக்கா பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்ததும், மாப்பிள்ளையின் தாத்தா என் பக்கம் திரும்பினார்.

"சின்னப் பொண்ணும் வாம்மா, ஆசீர்வாதம் வாங்கிக்கோ."

பெரியவர் கூப்பிட்டால் போய் விழ வேண்டும், அவ்வளவுதான். நான் போய், மண்டியிட்டுக் குனிந்தேன். குனியும்போதே மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. என் முதுகில் ஒரு கை வந்து, மேட்டின் மேல் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா.

"இதுக்கு எங்க காட்டறீங்க?" என்று கேட்டாள்.

அம்மா காபி டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். எங்கேயும் காட்டவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

அன்று சாயங்காலமே அவர்களிடமிருந்து சம்மதம் வந்துவிட்டது. என் முதுகு அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. வீடே சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. பாத்திரத்தைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் தாம்பரம் போனோம். மேடம் புது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரொம்ப ஏறிடுச்சு. வளர்ச்சியும் அனேகமா முடிஞ்சுடுச்சு" என்றார். "பெல்ட் இனி வேணாம்."

பெல்ட் வேண்டாம் என்றதும் அம்மா நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு கை கூப்பினாள். மேடம் அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"பயிற்சி இதை நேராக்காது. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா வலி குறையும். படி ஏறினா இளைக்காது. மூச்சுக்கு இடம் கிடைக்கும். போதுமா?"

"போதாது" என்றேன்.

"தெரியும். படு."

படுத்தேன். அவ்வளவு ஆத்திரத்தோடு நான் மூச்சை இழுத்ததே இல்லை. அது பள்ளமான பக்கத்துக்குள் போனது. போகும்போது வலித்தது.