ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த டீக் காகிதம்

பளபளவென்று லேமினேஷன் போட்ட ஒரு காகிதம். "தேநீரின் நன்மைகள்" என்று மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. அதன் கீழே ஒன்பது வரிகள், ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு சின்ன நட்சத்திரம். ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. அந்த நட்சத்திரங்களையும் பூக்களையும் தேடித்தேடி வைத்தது நான்தான். அண்ணி அதை ராயபுரத்துக் கோயிலில் வாங்கிய தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். மாதா படம் ஒரு பக்கம், என் காகிதம் இன்னொரு பக்கம். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டாயிரத்து இரண்டு, மூன்று வாக்கில் நடந்தது இது. பி.காம். முடித்துவிட்டு கல்மண்டபம் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், பக்கத்திலேயே லேமினேஷன் மெஷின். அண்ணனுக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். தடுப்புக்குப் பின்னால் பையன்கள் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்று அவனுடைய கூட்டாளிகள் யாரோ சொல்லிவிட்டார்கள். "அங்கல்லாம் பொம்பளப் புள்ள வேலை செய்யுற எடமா?" என்று குதித்தான். அப்பா அம்மா இருவரும் போய்விட்ட வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அண்ணிதான் எனக்காக அவனோடு மூன்று நாள் பேசாமல் இருந்து அனுமதி வாங்கித் தந்தாள். அதுவும் ஒரு கண்டிஷனோடு. ஏதாவது தப்புத்தண்டா என்று காதில் விழுந்தால் மறுநாளே வேலை கட்.

அண்ணி காசிமேட்டுக்காரி. அவளுடைய அம்மா மீன் ஏலம் எடுத்து விற்றவர். விடியற்காலையில் படகுகள் வந்து சேரும் நேரத்துக்கு மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். அந்த நேரத்தில் யார் சோறு ஆக்குவது? டீயும் பன்னும்தான் ஆகாரம். அப்படியே வளர்ந்ததால் டீ என்பது அண்ணிக்குக் குடிக்கிற பொருளே இல்லை, சாப்பாடு. தலைவலித்தால் டீ, கோபம் வந்தால் டீ, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் டீ. இன்னொரு வழக்கமும் அவர்கள் வீட்டில் இருந்தது. எந்த மாத்திரையாக இருந்தாலும் டீயில்தான் விழுங்குவார்கள். தண்ணீரில் போட்டால் குமட்டுமாம். காய்ச்சல் மாத்திரை, பூச்சி மாத்திரை எல்லாமே அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன.

அண்ணி உண்டானபோது கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ரொம்பக் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அங்கே இருந்த நர்ஸம்மா கண்டிப்பானவர். மாத்திரையை எதில் போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். அண்ணி உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். டீயோடு போடவே கூடாது, சாப்பாட்டை ஒட்டியும் டீ குடிக்கக் கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னா பாப்பா இது, டீய வுடுன்னா சோத்த வுடுன்ன மாரி கீது எனக்கு. நர்ஸம்மா நெசமாத்தான் சொல்லுதா, இல்ல சும்மா மெரட்டிகினு கீதான்னு ஒன் கம்ப்யூட்டர்ல பாத்துகினு வாயேன்."

அன்று என்னைக் கையில் பிடிக்க முடியாது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே பெண் நான். பரீட்சை ரிசல்ட் முதல் பாஸ்போர்ட் படிவம் வரை எல்லாவற்றுக்கும் என்னைத் தேடித்தான் வருவார்கள். நர்ஸம்மாவுக்கு என்ன தெரியும், உலகமே என் விரல் நுனியில் இருக்கிறது என்ற மிதப்பு. மறுநாள் கடை திறந்ததும் தேடலில் "டீ நல்லதா" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் அடித்தேன். இப்போது யோசித்தால் கேள்வியிலேயே கோளாறு. டீயும் இரும்புச்சத்தும் சேருமா என்று நான் கேட்கவே இல்லை. அண்ணிக்கு என்ன பதில் பிடிக்குமோ அதற்கான கேள்வியைக் கேட்டேன்.

அப்போதெல்லாம் டெலிபோன் வயர் வழியாகத்தான் இன்டர்நெட். கிர்ரென்று கத்திவிட்டு இணைப்பு கிடைக்கும். ஒரு பக்கம் திறந்தால் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கும். அழகான ஒரு பக்கம் வந்தது. பனி மூடிய தேயிலைத் தோட்டம், ஆவி பறக்கும் கோப்பை, இதயத்துக்கு நல்லது, பல்லுக்கு நல்லது, மனதுக்கு நல்லது என்று வரிசையாகச் சேதிகள். பாதி இறங்கியபோது கடைக்கு ஒரு போன் வந்து இணைப்பு அறுந்துவிட்டது. வந்த வரைக்கும் போதும் என்று உட்கார்ந்து தமிழில் அடித்தேன். "சில ஆய்வுகள் அப்படிக் கருதுகின்றன" என்று அங்கே இருந்ததையெல்லாம் இழுவையாக இருக்கிறதே என்று வெட்டிவிட்டேன். தேநீர் இதயத்தைக் காக்கும். தேநீர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். பட்பட்டென்று ஒன்பது வரி. கடைசியில் லேமினேஷனும் போட்டேன். எங்கள் பக்கத்தில் லேமினேஷன் போட்ட காகிதத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மார்க் ஷீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் சாமி படத்துக்கும்தான் அதைப் போடுவார்கள்.

அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரத்தம் என்று ஒரு வரியில் வந்திருந்ததே, அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பழையபடி டீயில் மாத்திரை போட ஆரம்பித்தாள். தெருவில் மாசமாக இருந்த வேறு இரண்டு பெண்களுக்கும் அந்தக் காகிதத்தைக் காட்டினாள். அவர்களும் அதே நர்ஸம்மாவிடம் போகிறவர்கள்தான். அண்ணன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஜெபப் புத்தகத்தைத் திறக்கிற ஆள் இல்லை அவன்.

எட்டாவது மாதம் அண்ணியோடு ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன். ரத்தம் ஏறவே இல்லை. முன்பு இருந்ததைவிட இறங்கியிருந்தது. நர்ஸம்மா அண்ணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். அண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. டீயில்தான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தவறொன்றும் செய்யவில்லை என்று காட்ட பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

நர்ஸம்மா ஒன்பது வரியையும் நிதானமாகப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இத எழுதுனது யாரும்மா? பேரையே காணோம்?"

"கம்ப்யூட்டர்ல வந்துச்சு சிஸ்டர்."

"கம்ப்யூட்டரா வந்து புள்ள பெத்துக்கப் போவுது? பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்க மாட்ட நீ. புரியுதா? நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி அட்மிட் ஆவணும்."

நான் அண்ணிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணியும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். அதே பக்கத்தைத் திறந்து, இணைப்பு அறுந்தால் மறுபடியும் போட்டு, கடைசி வரை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். தோட்டம் வந்தது, கோப்பை வந்தது, நன்மைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே வரிசையாக டீத்தூள் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கூடைப் படம். வாங்க விரும்பினால் கூடையை அழுத்தவும். அது டீ விற்கிற கம்பெனிப் பக்கம். அதில் பொய் என்று ஒரு வரியைக்கூட விரல் வைத்துக் காட்ட முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தேவையான ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்கள். மிச்சத்தை நான் விட்டிருந்தேன்.

பிறகு தேட வேண்டியதைத் தேடினேன். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பக்கம் கிடைத்தது. படம் கிடையாது, பூ கிடையாது, படிக்கவே அலுப்பூட்டும் எழுத்து. ஆனால் எழுதியவரின் பெயர் இருந்தது, எதை வைத்துச் சொல்கிறார் என்பது இருந்தது, எது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்பதும் இருந்தது. அவர்களோடு சம்பந்தமே இல்லாத வேறு ஆட்கள் எழுதிய இன்னொரு பக்கத்தையும் திறந்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லின. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நல்லது. நர்ஸம்மா ஒரு நிமிடத்தில் சொன்னதைத்தான் இரண்டும் சொல்லின. மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கூடையைப் பற்றிச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட லூசு, விக்கறவனாண்டயே போயி கேட்டுகினு வந்துக்கிறியே! எங்கம்மா என்னிக்கினா என் மீனு நாறுதுன்னு கூவியிருக்குமா? நேத்து அத்த வாங்கிகினு போனவளாண்ட இல்ல கேக்கணும்?"

சிரித்து முடித்ததும் அவள் செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. மூச்சு வாங்க வாங்க எழுந்து, காகிதம் காட்டிய அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்கும் தானே நடந்து போனாள். அது கடைக்காரன் எழுதினது, நம்பாதீங்க, நர்ஸம்மா சொல்றதைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். என் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு ருத்ர தாண்டவம் ஆடினான். நர்ஸு வேணான்னு சொல்லியும் குடிச்சியே, எவ சொன்னா உனக்கு, எவ கொடுத்த தைரியம் என்று கத்தினான்.

"யாரும் சொல்லல. என் நாக்குதான், அடங்கல," என்றாள் அண்ணி.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அண்ணனும் துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். பிரசவத்தன்று காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை அந்த வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்ததை எழுத வரவில்லை. அண்ணி பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன், குழந்தையைக்கூட நினைக்கவில்லை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. டீ மட்டும்தான் காரணமா, வேறு குறைகளும் இருந்தனவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் மனசு அதைக் கேட்டுச் சமாதானமாகவில்லை.

நான் அந்த வேலையில் இன்னும் மூன்று வருடம் இருந்தேன். அங்கிருந்து ஒரு மருத்துவப் பத்திரிகைக்குப் போனேன். இன்று மருத்துவக் குறிப்புகளை எளிய தமிழில் எழுதுவதுதான் என் தொழில். எழுதியவர் யார், அவர் என்ன விற்கிறார், வேறு யாராவது இதையே சொல்கிறார்களா என்று பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். அலுவலகத்தில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள்.

இத்தனை வருடங்களாக அண்ணன் ஒரு கதையை விடாமல் சொல்லிவந்தான். எந்த விசேஷம் என்றாலும் நாலு பேர் கூடியதும் ஆரம்பித்துவிடுவான். "எம் பொண்டாட்டிக்கு டீ பைத்தியம். புள்ள வயித்துல கீதுன்னுகூடப் பாக்காத மொடா மொடாவா குடிச்சா. என் ரத்தத்த ஏத்திதான் காப்பாத்தினேன்." எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் திருவொற்றியூரில் அவர்கள் வீட்டில், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அதே கதையை எடுத்தான். அவர்கள் கிளம்பும் வரை பொறுத்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். தேடியது நான், அடித்தது நான், லேமினேஷன் போட்டது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "லேமினேஷன் வேறயா?" என்றான்.

நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்துதான் கோபம் வந்தது. அண்ணி பொரிந்துவிட்டாள்.

"இத்த இப்ப ஒன்ன யாரு கேட்டா? இத்தினி வருசமா நான் கம்முனு இருந்தது எதுக்கு? அன்னிக்கே இவுரு காதுல வுழுந்திருந்தா ஒன்ன அந்தக் கடைக்கு மறுநாள் அனுப்பியிருப்பாரா? வூட்டுலயே குந்தவெச்சிருப்பாரு. இன்னாய்யா, சொல்லு, நிறுத்தியிருப்பியா மாட்டியா?"

அவள் என்மேல் இருந்த பாசத்தில் மறைத்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வேலைக்காக என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெளுத்த கண்களோடு, உயிர் தங்குமா என்று தெரியாமல் நின்ற நேரத்தில் என் வேலையைப் பற்றியா யோசித்தாள்?

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நிறுத்தித்தான் இருப்பேன்," என்றான்.