தூக்கிக்கொண்டு போகும் போலீஸ்

என் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். வேலை என்றால் எஞ்சின் அறையில் எண்ணெய் விடுவதும் துடைப்பதும்தான். ஆனால் தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட அந்தக் கட்டடத்தில், குடியிருந்த அத்தனை பேரும் கப்பலையே அவர்தான் ஓட்டுகிறார் என்பதுபோல மரியாதை கொடுத்தார்கள். அவரும் யாரையும் திருத்தியதில்லை. பத்து மாதம் கடலில் இருப்பார். இரண்டு மாதம் எங்கள் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி எல்லோரோடும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்.

கப்பல்காரர்கள் ஊர் திரும்பினால் டார்ச் லைட், நைலான் சேலை, வாசனை சோப்பு என்று கொண்டுவருவார்கள். சித்தப்பாவும் கொண்டுவருவார். கூடவே அந்தந்த ஊர்ப் போலீஸைப் பற்றிய கதைகளையும் கொண்டுவருவார். கரை இறங்குகிறவன் முதலில் பார்ப்பது போலீஸ்காரனைத்தான், அவனைப் பார்த்தால் போதும், அந்த ஊர் எப்படி என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. ஜப்பானில் மாணவர்கள் கையோடு கை கோத்து நிற்பார்களாம், எதிரே போலீஸ் கேடயத்தோடு நிற்குமாம், இரண்டு பக்கமும் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பார்களாம். பிரெஞ்சுக்காரன் ஊரில் போலீஸின் மேலங்கியில் அடி ஓரமாக ஈயக்குண்டு வைத்துத் தைத்திருப்பார்களாம். கூட்டம் கூடினால் அதைச் சுருட்டி வீசுவார்களாம். பார்க்கிறவனுக்குத் துணிதான் தெரியும், படுகிறவனுக்குத்தான் குண்டு தெரியும். அமெரிக்காவுக்கு அவர் போனதில்லை. ஆனால் அங்கே கறுப்பு மக்கள் மேல் நாயை ஏவிவிட்ட படத்தைப் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார்.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பிடித்தது லண்டன் போலீஸ்தான். அணுகுண்டு வேண்டாம் என்று சொல்லி ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டதாம். போலீஸ் வந்ததாம். ஒருவரையும் அடிக்கவில்லை. ஆளுக்கு நாலு பேராகக் கையையும் காலையும் பிடித்து, கல்யாணப் பந்தலில் பெஞ்சைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்களாம். ஒரு கிழவியின் செருப்பு கழன்று விழுந்தபோது ஒரு போலீஸ்காரன் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனானாம்.

"அவனுக்குக் கோவமே வராதால?" என்று கேட்டாள் அத்தை. சித்தப்பாவுக்கு அவள் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள்.

"வரும்க்கா. ஆனா கைய ஓங்கினாம்னு வையி, நடைபாதையில நிக்கிற சனமே அவன் சட்டையில உள்ள நம்பரப் பாத்து எழுதிரும். மறுநாள் பேப்பர்ல வந்துரும். அங்க அடிச்சவனுக்குத்தான் வெக்கம்."

அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "அதே லண்டன்காரன்தானல இங்க இருந்தான்? அப்போ நம்மளத் தூக்கிட்டா போனான்? நெஞ்சுல ஏறி மிதிச்சாம்லா?" என்றார்.

சுதந்திரம் வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது, இது நம்ம போலீஸ் என்று சித்தப்பா முணுமுணுத்தார். அப்பா துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அறுபதுகளின் நடுவில் அது அரிசிப் பஞ்ச காலம். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கோதுமையும் சிவப்புச் சோளமும் மட்டும் போட ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு அது சாப்பாட்டுக் கஷ்டம். அத்தைக்கு அது பிழைப்பே போகிற விஷயம். அவள் இட்லி அவித்து, காலையில் மில்லுக்கும் பட்டறைக்கும் போகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். கோதுமையில் இட்லி செய்ய யாராலும் முடியாது. அவளும் சோளத்தைக் கலந்து ஒரு நாள் அவித்துப் பார்த்தாள். அதைத் தின்ற ஒருவர், "யக்கா, நாளைக்கு நான் நேரே வேலைக்குப் போயிருதேன்" என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்கல் ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்தது.

ரேஷன் ஆபீஸுக்குப் பெண்கள் கோஷம் போட்டு ஊர்வலமாக மோர்ச்சா போவதென்று முடிவானது. சயான் பக்கத்திலிருந்து மராட்டிப் பெண்கள் வருகிறார்கள், வடாலாவிலிருந்தும் வருகிறார்கள், எங்கள் சாலிலிருந்து அம்மா, அத்தை என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். சித்தப்பாவுக்கு இது போதாதா? "உக்காந்துருங்க" என்றார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் ஒத்திகை நடந்தது. சித்தப்பாதான் லண்டன் போலீஸ். சாலில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். உடம்பை விறைக்கக் கூடாது, ஈரத்துணி மாதிரி தளர விட்டுவிட வேண்டும், அப்போதுதான் தூக்குகிறவனுக்குக் கனக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்தார். நான் மூன்று தடவை தூக்கச் சொல்லிப் போய் உட்கார்ந்தேன். அத்தையும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளை அவரால் அசைக்கக்கூட முடியவில்லை. "இட்லிய வித்தியா, நீயே தின்னியா?" என்று அவர் கேட்க, சாலே சிரித்தது. அந்த வருஷத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிற வரை அந்த ஒரு நாள்தான்.

மோர்ச்சா அன்று சித்தப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் ரோட்டின் எதிர்ப்பக்கம், ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றார். பெண்கள் ரேஷன் ஆபீஸ் முன்னால் கூடிக் கத்தினார்கள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வண்டியில் போலீஸ் வந்தது. ஒருவர் ஏதோ சொன்னார். பிறகு விசில் அடித்தது.

விசில் அடித்ததும் மராட்டிப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்துகளுக்குள் ஓடினார்கள். அவர்களில் பலர் மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். இந்த ஊர்ப் போலீஸை அவர்களுக்குப் பழக்கம் உண்டு. எங்கள் சால் பெண்கள் மட்டும் என்ன செய்வது என்று சித்தப்பாவைப் பார்த்தார்கள். "உக்காருங்க! உக்காருங்க! ஒண்ணும் செய்ய மாட்டான்!" என்று அவர் இந்தப் பக்கமிருந்து கை இரண்டையும் ஆட்டிக் கத்தினார். அவர்கள் உட்கார்ந்தார்கள். நானும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். யாரை முதலில் தூக்குவார்கள் என்பதுதான் என் கவலை.

முதல் அடி விழுந்ததுமே மற்ற பெண்கள் அலறி எழுந்து ஓடிவிட்டார்கள், அம்மா உட்பட. அத்தை மட்டும் எழவில்லை. அவளுக்கு முன்னால் வந்து நின்ற போலீஸ்காரர் வயதானவர். "ஊட் பாய், ஊட்" என்று இரண்டு தடவை சொன்னார். எழுந்திரு அம்மா என்று அர்த்தம். அத்தைக்கு மராட்டி தெரியாது. தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, சொல்லிக்கொடுத்தபடியே உடம்பைத் தளர விட்டு, பிடித்துத் தூக்க வசதியாக வலது கையைக் கொஞ்சம் நீட்டினாள். அந்தக் கையின் மேல் லத்தி விழுந்தது.

சித்தப்பா ரோட்டைக் கடந்து ஓடுவதற்குள் போலீஸ் அடுத்த சந்துக்குப் போய்விட்டது. அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அழ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, "நீ சின்னவனக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. ஆஸ்பத்திரிக்கு இவ வரட்டும், இவளுக்கு இந்தி தெரியும்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். "நானும் வாரேன்க்கா" என்றார். "வராதங்கேன்" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ் எதுவானாலும் நான்தான் துபாஷி. ஆகவே ஒன்பது வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. டாக்டர், எப்படி அடிபட்டது என்று இந்தியில் கேட்டார். அத்தை என்னிடம், "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுட்டி" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடித்தவனுக்குத்தான் வெட்கம் என்று சித்தப்பா அவ்வளவு சொல்லியிருக்கிறாரே! நான் டாக்டரிடம், போலீஸ் அடித்தது, மோர்ச்சாவில் அடித்தது என்று கணீரென்று சொன்னேன்.

அவர் அத்தையின் கையை விட்டுவிட்டார். அப்படியானால் இது போலீஸ் கேஸ், முதலில் போலீஸ் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லி எங்களை பெஞ்சில் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் சாப்பிடப் போயிருந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கை வீங்கி, கண்ணாடி வளையல் தோலுக்குள் புதைந்துவிட்டது. ஒரு நர்ஸ் வந்து அதை உடைத்து எடுத்தாள். அத்தை என்னைத் திட்டவில்லை.

போலீஸ்காரர் ஒரு தடித்த நோட்டோடு வந்தார். லத்தியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு என்னிடம் நயமாகத்தான் கேட்டார். எந்த மோர்ச்சா? கலைந்து போகச் சொன்ன பிறகும் ஏன் உட்கார்ந்தீர்கள்? உட்காரச் சொன்னது யார்? அவன் பெயர் என்ன?

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சித்தப்பாவின் பெயர் போலீஸ் நோட்டிலேயே ஏறப்போகிறது. "மேரா சாச்சா...", என் சித்தப்பா, என்று ஆரம்பித்தேன். அத்தையின் இடது கை வந்து என் வாயைப் பொத்தியது. கன்னம் வலிக்கும்படி அழுத்திக்கொண்டு, தனக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்த இந்தியில் அவளே பேசினாள்:

"போலீஸ் நை மாரா சாப். ஹம் கிர் கயா. லடுக்கி ஜூட் போல்தா."

போலீஸ் அடிக்கவில்லை, நான் விழுந்தேன், பெண் பொய் சொல்கிறாள். போலீஸ்காரர் அத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வேலை மிச்சம். நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, அவரே டாக்டரைக் கூப்பிட்டு, பாவம் இந்த அம்மாவைச் சீக்கிரம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மாவுக்கட்டுப் போட அதிக நேரம் ஆகவில்லை. எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ரேஷனில் அரிசி மறுபடி வந்தபோது ஆட்டுக்கல்லை அம்மாதான் சுற்றினாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிடுவாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது சாலே திரண்டு வந்து பார்த்தது. ஒருவராவது போலீஸைக் குறை சொல்ல வேண்டுமே! மழை பெய்தால் நனைவோம் என்பதுபோல, போலீஸ் என்றால் அடிக்கத்தானே செய்வான் என்றார்கள். ஓடாமல் உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் பேசித் தீர்த்தார்கள். அத்தை அடிபட்ட கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சித்தப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை. என்னைத் தனியே குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒக்காரச் சொன்னது யாருன்னு கேட்டாரு சித்தப்பா. நான் ஒங்க பேரச் சொல்லுததுக்குள்ள அத்தை வாயப் பொத்திட்டாவ. நான் பொய் சொல்லுதேன்னுட்டாவ. அத்தைக்குப் பயம்."

"எம் பேரக் கேட்டானா?"

"ஆமா. நோட்டுல எழுத."

போலீஸ் கேஸில் பெயர் விழுந்தவனுக்குக் கப்பல் புத்தகம் பறிபோய்விடும், அப்புறம் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்பது எங்கள் வீட்டில் தம்பியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை.

சித்தப்பா குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். ஆண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. லண்டன் கிழவிகளுக்கு இருக்கிற தைரியம் தன் அக்காவுக்கு இல்லாமல் போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அழாதிய சித்தப்பா. அத்தை படிக்கல்லலா, அவியளுக்குத் தெரியாது. அடுத்த தடவ நான் விடாமச் சொல்லுதேன்" என்றேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

அதன் பிறகு இரண்டு நாள் நான் அத்தையோடு பேசவில்லை. காலையில் பள்ளிக்கூடம் புறப்படும்போது அவள் சீப்பை இடது கையில் எடுத்துக்கொண்டு, எனக்குத் தலைவாரிவிடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பொய் சொன்னவள் என்று நான் தலையை இழுத்துக்கொண்டேன்.